வைத்திலிங்கம் வளர்த்த பிட்புல்

புதுச்சேரி நாய்த் தரகர், முரட்டு அமெரிக்க இனமான பிட்புல்லின் குட்டி என்று சொன்னார்; வைத்திலிங்கம் நம்பினார். பெரிய விலை கொடுத்து வாங்கிய பொருளைச் சந்தேகப்படுகிற வழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது. அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை நடத்துகிற மனிதருக்கு ஊரில் அப்படி என்ன கெத்து இருந்துவிடப் போகிறது? குட்டிக்குப் புல்லட் என்று பெயர் வைத்ததும் அந்தக் கெத்தும் வந்து சேர்ந்தது.

பிட்புல்லை எப்படி வளர்ப்பது என்று செல்போனில் பார்த்துப் பார்த்துப் பழகினார். பகலெல்லாம் சங்கிலி. வேற்று ஆள் யாரும் தொடக்கூடாது. தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் குரைத்தால் உடனே ஒரு பிஸ்கட். எதிர்வீட்டு சபாபதி ஒரு வருஷமாக அந்தப் பக்கத்து ஓரமாகவே நடந்துபோனார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வைத்திலிங்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இப்படி இருக்கையில்தான் மகள் இளவரசிக்குக் கடலூரில் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தாய் வீட்டுக்கு வருவதுதானே முறை. மனைவி விருத்தாம்பாள் தூளிக்குப் பழைய புடவைகளைத் துவைத்து வைத்தாள், பிரசவ மருந்து கிளறினாள். ஆனால் எங்கோ ஒரு ஊரில் பிட்புல் ஒரு குழந்தையைக் குதறிவிட்டது என்று செய்தி பார்த்த இளவரசி, அந்த நாய் இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வைத்திலிங்கத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பேரனை அவர் இன்னும் கையில் வாங்கவில்லை.

யோசித்து ஒரு தந்திரம் செய்தார். கால்நடை டாக்டர் மாலதியிடம் புல்லட்டைக் கொண்டுபோய், இது நாட்டு நாய் என்று மகளிடம் போனில் ஒரே ஒரு பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். மாலதி நாயின் காதையும் வாலையும் பார்த்தார், தலையைத் தடவி அளந்தார்.

"பொய்யெல்லாம் எதுக்குங்க? இது நாட்டு நாயிதான்."

வைத்திலிங்கம் கண்ணடித்து நன்றி சொன்னார். டாக்டர் தமாஷ் பண்ணவில்லை என்று புரிந்ததும் அவருக்குச் சுருக்கென்றது. எதைக் கேட்டு வந்தாரோ அது கிடைத்துவிட்டது. ஆனாலும் நெஞ்சைப் பாருங்கள், தாடையைப் பாருங்கள் என்று அரைமணி நேரம் வாதாடினார். இது பிட்புல் என்று ஒப்புக்கொள்ளவைக்காமல் போகமாட்டார் போலிருந்தது. மாலதி அவர் கையிலிருந்த போனை வாங்கி இளவரசியிடம் தானே பேசினார்.

நாட்டு நாய்தான் என்றார். அதோடு நிறுத்தவில்லை. எந்த இனமானாலும் பெரிய நாய் கடித்தால் காயமும் பெரிதாகத்தான் இருக்கும். கட்டியே போட்டு, ஆளை அண்டவிடாமல் வளர்த்த நாயை நம்பவே கூடாது. பின்கட்டில் தனியாக அடைத்துவிட்டுக் குழந்தையைக் கொண்டுவாருங்கள் என்றார். பக்கத்தில் நின்ற வைத்திலிங்கத்தின் காதில் நாட்டு நாய் என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் ஏறவில்லை.

பேரனுக்காக அந்த அவமானத்தையும் விழுங்கினார். மகள் யாரிடம் விசாரித்தாலும் ஒத்துப்போக வேண்டுமே என்று, ஏமாந்த கதையைத் தெருவில் வீடு வீடாகச் சொன்னார். சபாபதி விழுந்து விழுந்து சிரித்தார்.

வெள்ளிக்கிழமை கார் வந்து நின்றது. புல்லட் பின்கட்டில் இல்லை, வாசல் தூணில் கட்டியிருந்தது. எவ்வளவு சாது என்று மகள் நேரிலேயே பார்க்கட்டும் என்பது வைத்திலிங்கத்தின் ஏற்பாடு. குழந்தை பார்க்க வந்த சபாபதி, ஒரு வருஷம் பயந்த கடுப்பெல்லாம் தீர, நேராக நாயிடம் போனார்.

"இன்னா மச்சான், இந்த நாட்டு நாயிக்கா இவ்ளோ பில்டப்பு?" என்று அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார்.

புல்லட் கையைக் கவ்வியது. நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகே விட்டது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசியும் தையலுமாகச் சபாபதியின் பாடு பெரும்பாடாயிற்று.

இளவரசி காரைவிட்டு இறங்கவே இல்லை. வைத்திலிங்கம் கண்ணாடி ஓரமாகக் குனிந்து, நாட்டு நாய்தாம்மா, டாக்டரே சொன்னாரே என்றார். அவள் கத்தவில்லை.

"நாயி நாட்டு நாயிதாம்ப்பா. நீங்க வளத்ததுதான் பிட்புல்லு."

விருத்தாம்பாள் உள்ளே போய்த் துணிப்பையையும் மருந்து டப்பாவையும் எடுத்துவந்து காரில் ஏறிக்கொண்டாள். துணிச் சுருளுக்குள் பேரனின் நெற்றி கொஞ்சம் தெரிந்தது. அதற்குள் கார் திரும்பிவிட்டது.

மறுநாளே வைத்திலிங்கம் கடலூருக்கு பஸ் ஏறக் கிளம்பினார். நாய்க்குச் சோறு வைக்க ஓர் ஆள் வேண்டுமே. தெருவில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கையில் இவ்வளவு பெரிய கட்டோடு, ஒரு நாட்டு நாய் கடித்தது என்று சொல்லிக்கொள்ள சபாபதிக்கு என்ன தலையெழுத்தா? டீக்கடையில் உட்கார்ந்து, அது அசல் அமெரிக்க பிட்புல், வைத்திலிங்கம் பேரனுக்காகப் பொய் சொல்கிறார் என்று விவரம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்திலிங்கம் ஒவ்வொரு வாசலாக நின்று, சத்தியமாக நாட்டு நாய் என்று கெஞ்சினார். கேட்டவர்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்து கதவைச் சாத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவிக்கு வீடியோ கால் போட்டார். விருத்தாம்பாள் பேரனை போனுக்கு நேராகப் பிடித்தாள். அவர் ஆசையாக வாயைத் திறப்பதற்குள் புல்லட் தெருவைப் பார்த்துக் குரைத்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. இளவரசியின் கை குறுக்கே வந்து போனை அணைத்தது.

குரைத்து முடித்த புல்லட், பிஸ்கட்டுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.