பாலைப் பார்த்துக்கொண்டவன்

உலக மொழிகளிலேயே சிக்கனமானது தமிழ்தான் என்று தம்பி அறிவித்தான். சீ, லுக், வாட்ச் என்று மூன்று வினைச்சொற்களை வைத்துக்கொண்டு ஆங்கிலம் திண்டாடுகிற வேலையை நாம் 'பார்' என்ற ஒன்றிலேயே முடித்துவிட்டோம். மிச்சமான நேரத்தில்தான் நாகரிகம் வளர்த்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன் இந்த ஆராய்ச்சியை ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் செய்து முடித்திருந்தான்.

அக்காவுக்கு அந்த வசதி இல்லை. அவள் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முடிக்க வேண்டும். போன தடவை பாதியில் சமையலறைப் புகை அலாரம் அலறி, தேர்வை நிறுத்திவிட்டார்கள். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்திருந்தது. காவலுக்கு இருந்தவன் தம்பி. இனி ஒரே ஒரு வாய்ப்புதான்.

அதனால் அவள் வினைச்சொற்களை நடித்தே படித்தாள். சீ என்றால் சும்மா நின்று கண்ணில் விழுவதை வாங்கிக்கொள்வாள். லுக் என்றால் கழுத்தை வெடுக்கென்று திருப்புவாள். வாட்ச் என்றால் முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலில் கை வைத்து, கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

"நாடகத்துக்கு ஆள் எடுக்கிறாங்களாக்கா?"

"சிரிடா சிரி. அன்னைக்குப் பாலை என்ன பண்ணின?"

"பார்த்தேன்."

"போனை விட்டு நடுநடுவுல தலையைத் தூக்கின பாரு, அது லுக்கு. பொங்கினது கண்ணுல பட்டுச்சே, அது சீ. வாட்ச் மட்டும் நடக்கவே இல்ல."

"பாலுக்கு இங்கிலீஷ் தெரியாதுக்கா."

"அலாரத்துக்குத் தெரியும்."

தேர்வு நாளில் அத்தான் வேலைக்குப் போயிருந்தார். உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்கியது. எழும்போது பால் தயாராக இல்லாவிட்டால் அலாரமே தேவையில்லை. அக்கா அடுப்பை மூட்டிவிட்டு, "பாலைப் பாருடா" என்று மட்டும் சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவுக்கு அப்பால் அவள் ஆங்கிலம் மெல்ல ஆரம்பித்தது. பாலின் ஓரத்தில் சின்னக் குமிழிகள் கூடின.

தம்பி போனைக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டு வந்தான். யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை கழுத்தைத் திருப்பினான். யாருமில்லை. முக்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து அடுப்புக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்துக்கொண்டான்.