நெற்றிக் காசு

பூவரசன் செத்துப்போன செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது தேவநாதன் முதலில் நினைத்தது பூவரசனை அல்ல. அந்தக் காசு இனி யார் கைக்குப் போகும் என்பதைத்தான். நினைத்த பிறகு, சே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று பேச்சுக்குத் தன்னைத் திட்டிக்கொண்டார். திட்டி முடித்ததும் கடையைப் பூட்டி, சட்டைப்பையில் பூதக்கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார். எழவு வீட்டுக்கு எவனாவது பூதக்கண்ணாடியோடு போவானா? அவர் போனார்.

திண்டிவனத்தில் அவருக்கு பம்ப்செட் உதிரிபாகக் கடை. கடை வயிற்றுப்பாட்டுக்கு, உயிரெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் காசுகள்மேல். கல்லா மேசைக் கண்ணாடிக்கு அடியில் கம்பெனி காலத்துச் செப்புக் காலணா முதல் விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாய் வரை பரப்பி வைத்திருப்பார். ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தால் போதும். புழங்கியதா, புழங்காததா, புளி போட்டுத் தேய்த்துக் கெடுத்ததா, எல்லாம் சொல்லிவிடுவார். அந்தப் பக்கத்தில் காசு சேர்க்கிறவர்களுக்கு அவர் வைத்ததுதான் தரம்.

பூவரசன் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவன். மோட்டாருக்கு வாஷர் வாங்க வந்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு வாஷரை மறந்துபோனவன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவான். காசு விஷயத்தில் தேவநாதன் ஒன்று சொன்னால் அவனிடம் மறுபேச்சு கிடையாது. வினையே அங்கேதான் இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, மூச்சு வாங்க வந்து ஒரு வெள்ளி ரூபாயை மேசைமேல் வைத்தான். ஒலக்கூரில் ஒரு வீட்டில் அரைஞாண் கொடிக்காக உருக்க எடுத்துவைத்திருந்த பழைய ரூபாய்களிலிருந்து பொறுக்கியது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் ராஜாவின் தலை, மறுபக்கம் 1939. அந்த வருஷத்து ரூபாய் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனாலேயே 1938-ஐ எடுத்து, எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. தேவநாதன் பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுரண்டல் இல்லை. ஒன்பதின் வால் அச்சில் விழுந்தபடியே இருந்தது. கிரீடத்தின் முத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கைபடாத அசல் காசு. காசுக்காரர்கள் பாஷையில் யூஎன்சி, அதற்கு மேல் தரம் கிடையாது.

முப்பது வருஷம் நாயாய் அலைந்த தனக்குக் கிடைக்காதது, நேற்று ஆரம்பித்தவனுக்குப் போகிற போக்கில் கிடைத்திருக்கிறது. தேவநாதனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"டூப்ளிகேட்டு பூவரசா. எட்ட ஒம்போதா மாத்தியிருக்கான்" என்றார்.

அவன் முகம் சுண்டிப்போய்க் காசை அங்கேயே விட்டெறிந்துவிட்டுப் போவான், எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு. பூவரசன் சிரித்தான். நம்மை ஏமாற்றிய காசு, கூடவே கிடந்து புத்தி சொல்லட்டும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அங்கே டிராக்டர் சாவி இருந்தது.

அதற்குப் பிறகு தேவநாதன் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பூவரசன் டீக்குச் சில்லறை தேடும்போதெல்லாம் அந்த ரூபாயும் சாவியும் சேர்ந்து வெளியே வரும். முதலில் கிரீடத்தின் முத்துகள் மழுங்கின. அப்புறம் ராஜாவின் காதுக்கு மேலே முடி தேய்ந்தது. ஒருநாள் சாவி இழுத்துக் கன்னத்தில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. யூஎன்சியாக இருந்த காசு வருஷத்துக்கு ஒரு படி தரம் இறங்கியதை, தரம் சொல்வதில் பேர்போன மனுஷன் வாயைத் திறக்க வழியில்லாமல் உட்கார்ந்து பார்த்தார். பொறுக்கமாட்டாமல் ஒரு தடவை நல்ல விக்டோரியா ரூபாய் ஒன்றை நீட்டி, இதை வைத்துக்கொண்டு அதைக் கொடு, கள்ளக்காசு எப்படி இருக்கும் என்று நாலு பேருக்குக் காட்டலாம் என்றார். பூவரசன் பதறிப்போனான்.

"டூப்ளிகேட்ட தள்ளிட்டு உங்ககிட்ட நல்ல காசு வாங்கிக்கினு போவேனாண்ணே? என்ன அப்டியா நெனச்சிங்க?"

சும்மாவே கொடு என்று கேட்க அவருக்கு நா எழவில்லை. தானே கள்ளக்காசு என்று சொன்னதற்குத் தானே கையேந்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

செய்தி வந்த அன்று காலை மோட்டார் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பூவரசனை, தேவநாதன் போய்ச் சேரும்போது ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாலையை வாங்கிக்கொண்டு பெட்டியருகே போனவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூவரசனின் நெற்றியில், சந்தனத்தில் ஒட்டியபடி, ராஜாவின் தலை. கன்னத்தில் அந்தக் கோடு.

பூவரசனின் மனைவி பரிமளா அவரைப் பார்த்ததும் வெடித்து அழுதாள். அவர் எங்கே பார்க்கிறார் என்பதைக் கவனித்து அவளே சொன்னாள்.

"எந்நேரமும் பாக்கெட்லயே வெச்சிக்கினு இருப்பாருண்ணா. தேவநாதன் அண்ணன் சொல்லிட்டாரு, இது ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னுவாரு. அவரு கூடவே போவட்டும்னு நெத்தில வெச்சிட்டேன்."

அவள் தம்பி சுதாகருக்கு மனசு ஒப்பவில்லை. பெட்டியைத் திறந்து காசை எடுத்துத் தேவநாதன் கையில் கொடுத்தான். பார்த்தால் நல்ல வெள்ளியாகத் தெரிகிறது, இன்னொரு தடவை பாருங்கள், அசலாக இருந்தால் அக்காவிடம் கொடுத்துவிட்டு வேறொரு ரூபாயை நெற்றியில் வைக்கலாம் என்றான். கூடியிருந்த சனமெல்லாம் அவர் வாயைப் பார்த்தது.

தேவநாதன் பூதக்கண்ணாடியை எடுத்தார். அசல் என்று ஒரு சொல் சொன்னால் அந்தப் பெண்பிள்ளைக்குக் காசு. அவருக்கோ எட்டு வருஷத்துப் பொய் பாடைக்குப் பக்கத்தில் வைத்து வெளுத்துப்போகும். இன்னொன்றும் அந்தப் பாழும் மனசு அதற்குள் யோசித்துவிட்டது. அந்த ஊர் வழக்கத்தில் நெற்றிக் காசு குழி வெட்டுகிறவருக்குச் சேரும். அவர் கையில் ஒரு ஐந்நூறைத் திணித்தால் காதும் காதும் வைத்தாற்போல் வாங்கிவிடலாம்.

"டூப்ளிகேட்டுதான்" என்றார். சொன்னதோடு நில்லாமல், சந்தனத்தைத் தொட்டுத் தன் கையாலேயே காசைப் பூவரசன் நெற்றியில் ஒட்டினார். நெற்றி சில்லென்று இருந்தது.

ஏரிக்கரை இடுகாட்டில் குழி வெட்டிய பெரியசாமியை ஒட்டியே அவர் நின்றார். பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் மடித்துத் தயாராக இருந்தது. உடலை இறக்கியதும் பெரியசாமி குழிக்குள் இறங்கி நெற்றிக்குக் கையை நீட்டினார். சுதாகர் தடுத்தான்.

"அது டூப்ளிகேட்டுண்ணே. அண்ணனே பாத்து சொல்லிட்டாரு. சாவுல வந்து உங்கள ஏமாத்தக் கூடாது." இரண்டு தாள்களை எடுத்துப் பெரியசாமியிடம் கொடுத்தான்.

"செல்லாத காச வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அவரோடவே கெடக்கட்டும்" என்று பெரியசாமி கையை இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

தேவநாதன் குழியின் விளிம்புக்கு நகர்ந்தார். அவன் ஞாபகமாக நான் வைத்துக்கொள்கிறேனே என்று எப்படியோ கேட்டுவிட்டார். இடுகாடு வரைக்கும் வந்ததை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகக் கூடாது, அதுவும் ஒரு கள்ளக்காசுக்காகப் போய் என்று பெரியவர் ஒருவர் அவர் தோளைத் தட்டினார். பாசம் கண்ணை மறைக்கிறது என்று நினைத்திருப்பார் பாவம். இப்போதும் ஒரு சொல் போதும். அசல். அது நாக்கு வரைக்கும் வந்து, அங்கேயே செத்தது.

மகனும் பங்காளிகளும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டு முடித்ததும் சுதாகர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தான். "போடுங்கண்ணே. சாவுற வரைக்கும் உங்க வார்த்தையத்தான் நம்பிக்கினு இருந்தாரு."

தேவநாதன் ஒரு பிடி போட்டார். ராஜாவின் கிரீடம் மறைந்தது. இரண்டாவது பிடியில் கன்னத்துக் கோடு மறைந்தது. மூன்றாவது பிடியில் காசே தெரியவில்லை. பூவரசனின் முகம் அதற்கு முன்பே மண்ணில் மறைந்திருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.