ஊமைப் பெட்டி

"பாய், ஒங்க பெட்டி ஊமைங்க. தலத்தெரு கல்யாணத்துல என் மானமே போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே ராஜ்மோகன் வேனின் பின்கதவைத் திறந்து காட்டினார். குரும்பகரத்துக்காரர். கல்யாணம், கோயில் என்று வாடகைக்கு வேன் ஓட்டுபவர். போன வாரம்தான் வேனில் பாட்டுக்கு அடி கொடுக்கும் அவருடைய பழைய வூஃபர் ஸ்பீக்கர் இரண்டுக்கும் புதுப் பெட்டி செய்து கொடுத்தோம். கொடுத்தோம் என்ன, நான் செய்து கொடுத்தேன். கடைப் பலகையில் இருப்பது என் கூடப்பிறந்த அண்ணன், நான் நானா என்றழைக்கும் காஜா நஜ்முதீனின் பெயர். பிளைவுட்டை அளந்து, அறுத்து, ஒட்டுகிறவள் பஹீமாவாகிய நான்.

நானா பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தங்கச்சி செஞ்சதுங்க. ஆசப்படுது, வேணாம்னு சொல்ல முடியல. இனிமே பெட்டி வேலைக்கு வேற ஆள் போட்டுர்றேன். தங்கச்சி பில்லு போட்டா போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசைப்பட்டுச் செய்ய இது என்ன மருதாணியா? ஆறு வருடமாக இந்தக் கடையின் மரத்தூள் என் மூக்கில்தான் போகிறது. வூஃபரின் காந்தம் பெட்டிக்குள் எவ்வளவு இடத்தை அடைக்கும், காற்றுக்குழாய் எவ்வளவு அடைக்கும் என்று கழித்துப் பார்க்காமல் ஒரு பலகையிலும் நான் வாள் வைத்ததில்லை. மூலைக்கு மூலை பசை வைத்து, உள்ளே பல்பு எரியவிட்டு, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்ததும் நான்தான். பாக்கி இருந்தது ஒயர் மாட்டுவது மட்டும். பழைய வூஃபர்கள், பிளஸ் எது என்று காட்டும் சிவப்பு மை அழிந்து போயிருந்தது. பேட்டரி வைத்துப் பார்த்து மாட்டலாம் என்றேன். "ரெண்டு ஒயருக்கு இவ்ளோ ஆராய்ச்சியா? தள்ளு" என்று தானே மாட்டி, ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று பாட்டுக்கூடப் போட்டுப் பார்க்காமல் வண்டியை அனுப்பியவர் நானா. மறந்துவிட்டார் என்றால் மன்னித்திருப்பேன். மறக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே பேசியதில் தெரிந்தது.

"பெட்டிய எறக்குங்க" என்றேன்.

"நீ உள்ள போ பஹீமா."

"எறக்குங்க நானா. ஊமையா இல்லையான்னு அவங்களும் பாக்கட்டும்."

ராஜ்மோகனே இறக்கினார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வந்து, பெட்டியின் பின்னாலிருந்த இரண்டு முனைகளிலும் ஒயர்த்துண்டால் தொட்டேன். டப் என்றது. இடதுபக்க வூஃபரின் கூம்பு வெளியே எம்பியது. அதே நொடியில் வலதுபக்கத்தது உள்ளே போயிற்று.

"என்னங்க இது, ஒண்ணு வருது, ஒண்ணு போவுது?" என்றார் ராஜ்மோகன்.

"ஒண்ணு காத்த தள்ளுது, இன்னொண்ணு இழுத்துக்குது. அப்பறம் எங்கேருந்து அடி கேக்கும்? அந்த வலதுபக்க வூஃபர்ல ஒயர் மாறிப்போச்சு. பெட்டில ஒரு கொறையும் இல்லங்க."

"ஒயர் கம்பெனிக்காரன் கலரையே மாத்தி அனுப்பிர்றான் சார்" என்றார் நானா. வாய் கூசவில்லை.

"எப்புடியோ கண்டுபிடிச்சிட்டீங்களே பாய், அது போதும்."

கண்டுபிடித்தது பாயாம்! நானா சிரித்துக்கொண்டே ஸ்குரூ டிரைவரை என் பக்கம் நீட்டினார். "மாத்தி மாட்டிக் குடும்மா."

நான் வாங்கவில்லை. "நான் பில்லு போடுற ஆளு. நீங்களே மாட்டுங்க."

வேறு வழியில்லாமல் தரையில் குந்தினார். எட்டு ஸ்குரூவையும் கழற்றி, வூஃபரை வெளியே இழுத்த வேகத்தில் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார். எது எங்கே இருந்தது என்று அவர் பார்க்கவே இல்லை. கனத்த வூஃபரை மடியில் வைத்து, கைக்கு ஒன்றாக ஒயரைப் பிடித்தபடி, அந்தக் கையையும் இந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, ராஜ்மோகனுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பஹீமா, எது பிளஸ்?"

ராஜ்மோகனுக்குக் கேட்டுவிட்டது. அவர் நானாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பேட்டரி என் கைக்குள் இருந்தது. நான் விரல்களை மூடிக்கொண்டேன்.