மூன்றாவது மலை

1
இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு போட்டோக்கொப்பிக் கடையில். யாரோ விட்டுப்போன புவியியல் விடைத்தாள். 'மலைகள் உருவாகும் மூன்று முறைகளை விளக்குக.' மூன்றாவதற்கு நேரே, 'இது எங்களுக்குப் படிப்பிக்கல்ல.' சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். ஏன் படிப்பிக்கவில்லை என்று யோசிக்கத் தொடங்கினேன்.

2
வதனி டீச்சருக்கு ஊர் குருக்கள்மடம். [அழகிய கடலோரக் கிராமமான— வேண்டாம், சுற்றுலாப் புத்தகமா எழுதுகிறேன்?] வகுப்பில் பாயை இரு பக்கமும் நெருக்கி மடிப்பெழச் செய்வாள். "இந்தியத் தகடு ஆசியாவ இப்பிடித்தான் இடிச்சிது. இமயமலை." மூன்று செங்கலைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, ஓரத்து இரண்டையும் தாழ்த்துவாள். "நிலம் வெடிச்சு இறங்க, நடுவில மிஞ்சினது மலை."

மூன்றாவதை, ஒரு தகடு இன்னொன்றின் அடியில் புகுந்து எரிமலைகளை எழுப்புவதை, இருபது வருடமாக விட்டுவிடுகிறாள். சுமாத்திராவின் எரிமலைகள் அப்படி எழுந்தவை. அங்கே தகடு திமிறித்தான் 2004 மார்கழியில் கடல் வந்தது. அவளுடைய ஆறு வயது மகள்—

இந்த வசனத்தை முடிக்கப்போவதில்லை.

3
பதினோராம் வகுப்பு யசோதினி தவணை விடைத்தாளோடு எழுந்தாள்.

"டீச்சர், மூண்டாவது மலைய ஏன் படிப்பிக்கல்ல? முழு வகுப்புக்கும் பத்துப் புள்ளி போயிட்டு. ஓ.எல். சோதினையிலயும் அதுதான் வந்தா?"

"எனக்கு ஏலா, புள்ள."

"அப்ப நாங்க என்ன செய்யிற?"

கேட்டது நியாயம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

4
மகளைக் காப்பாற்றிப் பார்த்தேன். [திருத்தம்: அன்று அவள் கடல் எட்டாத செங்கலடி ஊரில், சித்தி வீட்டில் நின்றாள்.] பிள்ளை பிழைத்தது, வதனி வெறும் சோம்பேறி டீச்சரானாள், கதை படுத்துவிட்டது. பிள்ளையைத் திரும்பக் கடலில் போட்டேன், கதை எழும்பி நின்றது. நாய்ப் பிழைப்பு.

முடிவு அ: வதனி படிப்பிக்க, வகுப்பே அழுகிறது. பொய். பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள்.

முடிவு ஆ: இடமாற்றம் வாங்கிப் போகிறாள். அங்கேயும் இதே பாடப்புத்தகம்தான்.

5
ஆகவே அவளை நானே கரும்பலகைக்குத் தள்ளினேன். இரண்டு கோடு போட்டுவிட்டாள்: மேலே ஒரு தகடு, அதன் அடியில் புகும் இன்னொன்று. இருபத்தெட்டுப் பேரும் பேனாவைத் திறந்துவிட்டார்கள்.

"அடியில போறது எந்தத் தகடு, டீச்சர்?" என்கிறாள் யசோதினி. "பேர் எழுதினாத்தான் புள்ளி."

நம்முடையதுதான். வாவியும் குருக்கள்மடமும் அந்தப் பிள்ளை ஓடி விளையாடிய முற்றமும் ஏறி இருக்கும் அதே தகடு. இதை வதனியின் வாயால் சொல்லவைக்க எனக்கு ஏலாது. அவள் பிள்ளையை ஏற்கெனவே ஒரு தடவை கொன்றவன் நான். யசோதினி காத்திருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.