தொட்டிகளைத் திருப்புகிறவள்

கத்தரிக்கோலை விரித்துப் பிடித்தபடி முதல் தொட்டிக்கு முன்னால் குனிந்த பொடிசு அப்படியே நின்றுவிட்டாள். காசித்தும்பை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தொட்டியும் அப்படித்தான். அதற்கடுத்த பிகோனியாவும். நிமிர்ந்து எல்லா வரிசைகளையும் பார்த்தாள். கொல்லையில் பூத்திருந்த அத்தனை பூக்களும் கழுத்தைத் திருப்பி, அக்காவின் அறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த அறையில் அக்கா இல்லை. நேற்று சாயங்காலம் உயிர் பிரிந்தது. இன்று விடிந்ததும் கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள்.

“பூ வெட்ட இவ்வளவு நேரமா?” உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். “வண்டிக்காரன் போன் மேல போன் போட்டுட்டு இருக்கான்.”

“இதோ வர்றேண்ணா.”

அவள் பூக்களை விட்டுவிட்டுத் தொட்டி விளிம்புகளைப் பார்த்தாள். ஒவ்வொரு விளிம்பிலும் அக்கா வைத்த வெள்ளைப் பெயின்ட் பொட்டு இருக்கும். நேற்றுக் காலையில் பொடிசுதான் பொட்டுகளைப் பின்சுவர்ப் பக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவை பின்சுவர்ப் பக்கமே இருந்தன. தொட்டியை யாரும் தொடவில்லை. செடிகள்தான் திரும்பியிருக்கின்றன.

மூன்று பக்கமும் உயரமான கட்டடங்கள் எழும்பி, வெயிலை அண்டவிடாத கொல்லை அது. உச்சிப் பொழுதில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம் வந்து, யாரோ விரட்டியதுபோல ஓடிவிடும். அந்தச் சாணுக்காகச் செடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கோணிப்போகும். அதனால் தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் கால் வட்டம் திருப்பிவைக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். ஒருநாள் தவறினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகும் ஜன்னல் வழியாக அதிகாரம் நடந்தது. “பொடிசு, பெரணி பக்கத்துல இருக்கறதை நேத்து நீ திருப்பலை” என்பாள். திருப்பியிருக்க மாட்டாள்தான்.

பொடிசு என்பது பெயரல்ல, வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அக்கா சூட்டிய பட்டம். நாற்பதைத் தாண்டியும் பட்டம் இறங்கவில்லை.

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவள். “கொஞ்சம் லைன்ல இருங்க” என்று ஊரையே காத்திருக்க வைத்த குரல். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கு வீட்டில் மிஞ்சியது பொடிசு ஒருத்திதான்.

பொடிசுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். முதலாளியம்மா வேறொரு ஊரில் புதுக் கடை திறந்து, “நீயே வந்து பார்த்துக்கம்மா, மாடியில தங்கிக்கலாம், நல்லா வெயில் வர்ற ரூம்” என்று கூப்பிட்டது போன மழைக்காலத்தில். அக்காவிடம் சொன்னபோது, “போயேன், யாரு வேண்டாம்னா? இந்த மழை முடியட்டும். வேர் அழுகிடும், தொட்டியெல்லாம் செங்கல் மேல ஏத்தணும், நத்தை பொறுக்கணும்” என்றாள். அந்த வாரமே படுத்தாள்.

பனி வந்தது. “இப்ப தண்ணி ஜாஸ்தியானா போச்சு. பனி முடியட்டும்.” வெயில் வந்தது. “இலைக்கு நாளெல்லாம் தண்ணி தெளிக்கணும். கோடை முடியட்டும்.” நடுவில் பிகோனியா மொட்டு வைத்தது, அது முடியட்டும் என்றாள். இப்போது மறுபடியும் மழை ஆரம்பித்திருக்கிறது. முதலாளியம்மா போன வாரம் போனில், “உனக்காக வச்சிருக்கற நாற்காலியில தூசிதான்மா உட்கார்ந்திருக்கு. இந்த மாசத்தோட வேற ஆளைப் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். நாளை மறுநாளோடு மாதம் முடிகிறது.

அக்கா செத்ததில் பொடிசுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்குப் பயந்துதான் அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.

நேற்று மதியம் அக்கா கேட்டாள்: “திருப்பிட்டியா?”

“திருப்பிட்டேன்கா.”

“நாளைக்கு?”

பொடிசு தலையணை உறையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். அக்கா சற்று நேரம் அவளையே பார்த்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“என்ன பண்றே இங்க?” அண்ணன் கொல்லைக்கே வந்துவிட்டான். சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். சமையலறை கொல்லைக்குள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கதவைத் திறந்தால் இடது கைப்பக்கம் ஜன்னல், எதிரே தொட்டி வரிசைகள்.

“பாருண்ணா. எல்லாம் அக்கா ரூமையே பார்க்குது. நேத்து நான் திருப்பி வச்சேன்.”

அண்ணன் ஒயரிங் வேலை செய்கிறவன். உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு எங்கோ ஒரு சுவிட்ச் இருக்கும் என்று நம்புகிறவன். “ராத்திரி முழுக்க அந்த ரூம்ல டியூப்லைட் எரிஞ்சுதில்ல? வெயிலே பார்க்காத செடி, எவன் லைட் போட்டாலும் அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டும். சீக்கிரம் வெட்டு.”

“ஒரே ராத்திரியில இப்படித் திரும்புமா?”

“திரும்பியிருக்கே!” என்றான். அதற்கு மேல் பேச நேரமில்லை என்பதுபோல் உள்ளே போனான்.

அக்கா இருந்தவரை இந்தக் கொல்லையில் ஒரு பூவை யாரும் பறித்ததில்லை. கத்தரிக்கோல் காய்ந்த இலைக்கு மட்டும்தான். பொடிசு முதல் காம்பை வெட்டினாள். சத்தம் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. வெட்ட வெட்ட, யாரோ ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பதாகத் தோன்றியதால் அந்தப் பக்கம் பார்க்காமலேயே வேலையை முடித்தாள். மொட்டுகளை மட்டும் விட்டுவைத்தாள்.

கூடத்தில் மாடி வீட்டம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். பூக்களை அக்காவின் மார்பில் வைத்துவிட்டு நிமிர்ந்த பொடிசின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நம்பவே முடியலைம்மா. நேத்துக் காலையிலகூட மேலேர்ந்து பார்த்தேன். தொட்டியை ஒவ்வொண்ணா திருப்பிட்டு இருந்தாங்க. அட, எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டாங்களேன்னு சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் பார்த்தா இப்படி.”

“அது நான்தாம்மா.”

“நீயா? அந்தச் சாம்பல் கலர் ஸ்வெட்டர்?”

“அக்காவோடதுதான். பின்னால ஈரமா இருக்கும், குளிரும். அதான் போட்டுக்கறேன்.”

மாடி வீட்டம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஸ்வெட்டர் மட்டும் இல்லைம்மா. இடுப்புல ஒரு கையை வச்சுக்கிட்டு, தலையை ஒரு பக்கமா சாய்ச்சு…”

பொடிசு அப்போதும் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். பட்டென்று கையைக் கீழே போட்டாள்.

வண்டி வந்தது, அக்காவை ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பும்போது தூறல் போட்டது. சாயங்காலம் எல்லாரும் காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று பொடிசுக்குத் தோன்றியது.

“நான் நாளைக்குக் காலையில கிளம்பறேண்ணா. கடையில சேரணும்.”

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தான். “நாளைக்கா? அப்ப பின்னால இருக்கற செடியெல்லாம்?”

வீடு என்ன ஆவது என்று கேட்டிருக்கலாம். தனியாக எப்படி இருப்பாய் என்று கேட்டிருக்கலாம். அக்காவின் தம்பியல்லவா, செடியைக் கேட்டான். பொடிசுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“இந்த மழை வரைக்குமாவது இருந்துட்டுப் போயேன்” என்றான்.

தம்ளர்களைக் கழுவப் போனபோது அண்ணி பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவர் கெடக்கறாரு. நீ போயிடு. நாங்க தனிக்குடித்தனம் போறதுக்கு உங்கக்கா எத்தனை பூ பூக்கணும்னு சொன்னாங்க தெரியுமா? ஒருநாள் நான் சொல்லாம கொள்ளாம சாமானைக் கட்டிட்டேன். அப்படித்தான் தப்பிச்சோம். செடியை யாருக்காவது குடுத்துக்கறேன். உனக்கு எதுக்கு அந்தக் கவலை?”

பொடிசு அண்ணியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். இன்று முழுதும் அழுததில் இதுதான் பயமில்லாத அழுகை.

வெளிச்சம் இருக்கும்போதே ஒரு காரியம் செய்தாள். அண்ணனைக் கூப்பிட்டு அக்கா அறையின் டியூப்லைட்டைக் கழற்றச் சொன்னாள். “உனக்கும் மூளை குழம்பிப்போச்சு” என்று முனகிக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். பிறகு கொல்லைக்குப் போய், எல்லாத் தொட்டிகளையும் அரை வட்டம் திருப்பினாள். பின்சுவரைப் பார்த்திருந்த பொட்டுகள் ஜன்னல் பக்கம் வந்தன. ஜன்னலைப் பார்த்திருந்த இலைகளும் மொட்டுகளும் பின்சுவரைப் பார்த்தன. நான் போகும்போது அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நில்லுங்கள் என்று வாய்விட்டே சொன்னாள். பெரணி லேசாக அசைந்தது. காற்றுதான்.

அறைகளை உறவினர்கள் பிடித்துக்கொண்டதால் சமையலறையில் பாய் விரித்தாள். கொல்லைக் கதவு கனமான பலகை. கண்ணாடி கிடையாது, இடுக்குகூடக் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். கனவு ஒன்றும் வரவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. அண்ணிதான் எழுப்பினாள். “நான் வரச் சொன்ன கார் தெருமுனையில திரும்பிடுச்சாம். கூடத்துல எல்லாரும் படுத்திருக்காங்க, நீ பின்பக்கமா வந்துடு. நான் வாசல்ல நிக்கறேன்.” சமையலறைக் கதவைத் திறந்து கொல்லையில் இறங்கினால், பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்கு வந்துவிடலாம்.

ஈரக்காற்று இருக்கும் என்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். நேற்று உள்ளே கொண்டுவந்துவிட்ட கத்தரிக்கோலைக் கொல்லைச் சுவரில் இருக்கும் அதன் ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம் என்று கையில் எடுத்துக்கொண்டாள். பலகைக் கதவைத் திறந்து, பெட்டியைப் படியில் இறக்கிவைத்தாள்.

அவை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நேற்று விட்டுவைத்த மொட்டுகள் எல்லாம் விரிந்திருந்தன. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, முன் வரிசை, நடு வரிசை, சுவரோரம் இருந்தவை, ஒன்று பாக்கியில்லாமல் சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன. பிகோனியாவின் இலைகள்கூடத் தங்கள் தட்டையான முகத்தை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் விளிம்புகளைப் பார்த்தாள். பொட்டுகள் ஜன்னல் பக்கமே இருந்தன, நேற்று அவள் வைத்த இடத்தில். அறையில் விளக்கு இல்லை. சமையலறையில் விளக்கு எரியவில்லை. பலகைக்கு அந்தப்புறம் இருட்டில் படுத்துத் தூங்கியது அவள் ஒருத்திதான்.

இரண்டடி நகர்ந்தால் சந்து. சந்தைத் தாண்டினால் கார். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டலாம், அவன் ஒரு சுவிட்சைக் கண்டுபிடிப்பான் என்று நினைத்தாள்.

தெருவில் ஹாரன் அடித்தது.

ஆணியில் கத்தரிக்கோலை மாட்டினாள். அதற்கு முதல் வரிசையைக் கடந்துதான் போக வேண்டும். திரும்பி வரும்போது ஓரத்துத் தொட்டியின் விளிம்பு கைக்கு எட்டியது. மண் விளிம்பு ஈரமாக, சில்லென்று இருந்தது. இப்படியே விட்டால் கோணிப்போகும் என்ற எண்ணம் வந்தபோது, தொட்டி கால் வட்டம் திரும்பி முடிந்திருந்தது. அடுத்ததையும் திருப்பினாள். அதற்கடுத்ததையும்.

“பொடிசு!” சந்தின் அந்தக் கோடியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “என்ன பண்றே? வந்துடு! வண்டி நிக்குது!”

“இதோ அண்ணி,” என்றாள். “இது மட்டும் முடியட்டும்.”

சொன்ன குரலைக் கேட்டு அவளே ஒரு கணம் நின்றாள். இடுப்பில் ஒரு கை இருந்தது. மாடி ஜன்னலில் துணி உதற வந்த மாடி வீட்டம்மா கீழே பார்த்தாள், பார்த்த வேகத்தில் திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. படியில் வைத்த பெட்டியின் மேல் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. பாதி தூரம் வந்திருந்தது.