ஓடத்துப் பாட்டு

ஐஸ் பெட்டியருகே உட்கார்ந்திருந்த அனுசுயா, மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“மணி இன்னா?”

“பன்னெண்டே முக்கா.”

“கெளம்பு. ஒன்ற‌ரைக்கு ஷோ.”

ஸ்வாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா பரந்தாமன் பல் தேய்த்தபடியே சரிந்தது காலை ஆறு மணிக்கு. நாலரைக்கு எடுக்கிறார்கள். கள்ளிக்குப்பத்தில் பாதி, பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது.

அவள் செல்போனில் இரண்டு டிக்கெட். அப்பாவுக்கும் அம்மாவுக்கும். புதுப்பித்து வெளியிட்டிருக்கும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டுப் படம், இன்றோடு கடைசி.

நாற்பது வருடச் சண்டை அது. படத்தில் பன்னிரண்டு பாட்டு என்பார் அப்பா, விருதுநகரில் பார்த்தவர். பதினொன்றுதான் என்பாள் ஆவடியில் பார்த்த அம்மா. ஓடத்தில் போகும் பாட்டு ஒன்று உண்டு, இடைவேளைக்கு முன்னால் வரும் என்று அப்பா சத்தியம் செய்வார். கனவு கண்டிருப்பீங்க என்பாள் அம்மா. நேற்று பந்தயமே கட்டிவிட்டார்கள். பாட்டு இருந்தால் அப்பாவின் காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அவருக்குச் சர்க்கரை வியாதி வந்த பதினோரு வருடமாக அந்த வீட்டில் நடக்காத காரியம்.

“நீ போயி பாத்துட்டு வா. எடுக்கறதுக்குள்ள அவருக்குத் தெரியணும்.”

“சித்தப்பா கேட்டா?”

“மருந்துக் கடைக்கு அனுப்பிச்சேன்னு சொல்லிக்கறேன்.”

அப்பாவோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்துல் ரசாக் தெருமுனையில் ஸ்கூட்டரோடு நின்றார். அவரிடமும் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

“ஏறு கண்ணு. வண்டி ஸ்டார்ட்டுலதான் கீது.”

அரங்கில் முப்பது பேர் இருந்தால் அதிகம். எல்லாம் நரைத்த தலைகள். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டு, ஸ்வாதி பாட்டுகளை விரல் விட்டு எண்ணினாள். கதாநாயகியின் முத்துமாலையைக்கூட மணி மணியாக எண்ணலாம். படம் அவ்வளவு துல்லியம். ஏழு பாட்டு முடிந்தது. விளக்கு எரிந்தது. இடைவேளை.

ஓடம் வரவில்லை.

மணி மூன்று. செல்போன் அதிர்ந்தது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்களாம், சித்தப்பா தட்சிணாமூர்த்தி இரண்டு தடவை அவளைத் தேடினாராம். ரசாக் வெளியிலிருந்து சொன்னார். ஸ்வாதி எழுந்தாள். அம்மாவிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது?

“இடைவேளைக்கு முன்னாடி ஓடத்துல ஒரு பாட்டு வருமாமே, சார்?” என்று பின்வரிசைப் பெரியவரிடம் கேட்டாள்.

அவர் சிரித்தார். இடைவேளையை எங்கே விடுவது என்பது அந்தந்தத் தியேட்டர்காரன் இஷ்டமாம். அவர் ஊரான ஆவடியில், டூரிங் கொட்டகையில் கடைசி பஸ்ஸுக்குப் பயந்து ஆபரேட்டர் ஒரு பாட்டையே வெட்டிவிடுவானாம்.

“எந்தப் பாட்டு சார்?”

“குந்தும்மா. இப்போ வரும்.”

விளக்கு அணைந்தது. திரை முழுக்கத் தண்ணீர். அதில் நிலா. நிலாவை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ஓர் ஓடம்.

ஸ்வாதி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடியும்வரை பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நாலு பத்து. அப்பாவைக் குளிப்பாட்டி, பாடையில் கிடத்தியிருந்தார்கள்.

“ஏம்மா, மருந்துக் கடை பூந்தமல்லியிலயா இருக்கு?” என்றார் சித்தப்பா.

அவள் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“இருக்கும்மா.”

“ஓடத்துலதானா?”

“ஓடத்துலதான். ஆவடியில வெட்டிட்டாங்களாம்.”

அனுசுயா கணவரின் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, நேராகச் சமையலறைக்குப் போனாள். கீழ்த்தட்டில், துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்த சர்க்கரை டப்பாவோடு திரும்பினாள்.

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரசாக் அவர் தோளில் கை வைத்தார்.

உள்ளங்கை அரிசியில் ஒரு ஸ்பூன் போட்டாள். இன்னொன்று போட்டாள். ஸ்பூனில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துச் சேர்த்துக்கொண்டு குனிந்தாள்.