தறிகள் நின்றபோது

கிழக்கு வெளுக்கும் முன்பே தறிகள் அலறத் தொடங்கிவிட்டன. பஞ்சுத்தூசு மூக்கை அடைக்க, வாயாடி அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொட்டகைக்குள் யார் குரலும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். இவள் உதடு ஓயாது என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

இன்று உதடு அசையவில்லை.

போன வாரம் தறியை ஓட்டும் பட்டை அவள் அக்காவின் கையை இழுத்து நசுக்கிவிட்டது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று பட்டையின் மூடியைக் கழற்ற வைத்தவர் முதலாளி. இப்போது, "தூங்கி விழுந்தா" என்று பழி போடுவதும் அவரேதான். இன்று விசாரணைக்கு அதிகாரி வருகிறார். அவரிடம் கொடுக்கத்தான் வாயாடி தறிதறியாகப் போய், பார்த்தவர்கள் சொன்னதைக் கைபேசியில் பதிந்திருந்தாள். கண் கலங்கக் கலங்கச் சொன்னார்கள். வீட்டில் போட்டுக் கேட்கவும் பயம், பக்கத்து வீட்டுக்காரர் முதலாளியின் ஆள்.

அலுவலக அறையில் அதிகாரியின் முன் கைபேசியை வைத்தாள். முதல் பதிவைத் தட்டினாள்.

கடகட, கடகட. தறிச் சத்தம். அடுத்ததிலும் அதேதான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உதட்டைப் படிக்கக் கைபேசிக்குக் கண்ணா இருக்கிறது? அட பைத்தியக்காரி!

முதலாளி சிரித்தார். "என் தறிச் சத்தத்தை எனக்கே போட்டுக் காட்டுறியா?"

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"உள்ள வந்து கேளுங்க சார்."

"தறி நிக்கக் கூடாது. எவ நிறுத்துறாளோ அவ அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் முதலாளி.

அதிகாரியும் முதலாளியும் பின்னால் வர, வாயாடி கொட்டகைக்குள் போய்த் தன் தறியை நிறுத்தினாள். ஒரு தறி நின்றால் யாருக்குத் தெரியும்? சத்தம் துளியும் குறையவில்லை. பக்கத்துத் தறி நெட்டையனைப் பார்த்து, 'அண்ணே' என்று உதட்டை அசைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தொலைந்தோம் என்று நினைத்தாள்.

நெட்டையனின் தறி நின்றது. அடுத்து எதிர்த் தறி. அப்புறம் ஒவ்வொன்றாய்.

கொட்டகை அமைதியானதும் காது வலித்தது.

"அவ தூங்கலை சார்" என்றான் நெட்டையன். இத்தனை பெரிய உடம்புக்குள் இவ்வளவு மெல்லிய குரலா! "மூடியைக் கழட்டச் சொன்னது இவருதான். நான் பார்த்தேன்."

"நானும் பார்த்தேன்." "நானும்."

"எல்லாரையும் துரத்திடுவேன்!" முதலாளியின் கத்தல் சுவரில் மோதித் திரும்பியது.

யாரும் தறியைத் தொடவில்லை. வாயாடி மறுபடி பதிவைப் போட்டு, கைபேசியை நெட்டையனின் வாயருகே நீட்டினாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கண்ணே. சத்தமா சொல்லுங்க."